சம்பந்தி வீட்டு மிக்சர் வால்வு

"ஈஸ்வரி, இங்க வா. சத்தம் போடாம வா."

தணிகைவேலின் இடது கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. வலது கை மோதிர விரல், நுனியில் சந்தனத்தோடு, அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டிருந்தது.

ஆயுத பூஜை சாயந்திரம். ஆரம்பாக்கத்தில் அவர் வீட்டு ஹாலில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் டெஸ்டர், மல்டிமீட்டர், டிரில்லிங் மெஷின், சால்டரிங் அயர்ன், மனைவி ஈஸ்வரியின் தையல் மெஷின், மகள் திலகவதியின் லேப்டாப் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. நடுவில் ஒரு பழைய வால்வு ரேடியோ. பின்பக்க அட்டையைக் கழற்றியிருந்ததால் உள்ளே இருந்த ஐந்து கண்ணாடி வால்வுகளும் தெரிந்தன. ஐந்துக்கும் சந்தனப் பொட்டு.

ஈஸ்வரி கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இன்னாங்க?"

"இதோட மண்டைய பாரு."

"வெள்ளையா கீது."

"அஞ்சு நிமிஷம் முன்னால வெள்ளி மாதிரி மினுக்கிச்சி."

"தொடச்சீங்க இல்ல, சுத்தமாயிருக்கும்."

"சுத்தமாவல. செத்துட்டுச்சு."

நடந்தது இதுதான். பூஜைப் பொருளைத் துடைக்காமல் பொட்டு வைக்கக் கூடாது என்று அவர் ஐந்து வால்வையும் ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தார். கண்ணாடி மேல் அச்சடித்திருந்த நம்பர்கள் எல்லாம் துணியோடு வந்துவிட்டன. அதை அவர் அழுக்கு என்று நினைத்துக்கொண்டார். பிறகு ரேடியோவைப் போட்டார். சரஸ்வதியும் கொஞ்சம் பாட்டுக் கேட்கட்டும். அது அரை மணி நேரம் பாடிச் சூடேறி இருந்தபோது, காலையில் அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்த சந்தனத்தை எடுத்து ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு பொட்டு வைத்தார். ஐந்தாவது வால்வில் விரல் பட்டதும் 'டிக்' என்று ஒரு சத்தம். மயிரிழை போல ஒரு விரிசல். உள்ளே காற்றுப் போனதும் வெள்ளி உச்சி பால் மாதிரி வெளுத்துவிட்டது. பாட்டு நின்றது. 'உம்' என்று ஒரு முனகல் மட்டும் மிச்சம்.

"ஒன்னு தான போச்சு. மத்த நாலும் எரியுதே, அதுல பாடாதா?" என்றாள் ஈஸ்வரி.

"இது மிக்சர் வால்வு. ஸ்டேஷன்ல இருந்து ஒரு அலை வருது பாரு, அத வாங்கும். இதுவே சொந்தமா ஒரு அலை போடும். ரெண்டையும் கலந்து நடுவுல ஒன்னு எடுத்துக் குடுக்கும். அது குடுத்தா தான் மத்ததுக்கு வேல."

"ரெண்டு ஊட்டு பேச்சையும் கேட்டுக்கினு, கலந்து பேசறது. கல்யாண தரகர்னு சொல்லுங்க."

"ஆமா. அந்த தரகர் தான் செத்துட்டாரு."

ஈஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ரேடியோ அவர்களுடையதில்லை. சம்பந்தியுடையது. இன்னும் சம்பந்தி ஆகாத சம்பந்தியுடையது.

திலகவதிக்குச் செவ்வாய் தோஷம். மூன்று வருஷத்தில் பதினோரு இடம் வந்தது. வந்தவர்கள் கேசரியைச் சாப்பிடுவார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்பார்கள், ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போவார்கள், அதற்குப் பிறகு போனை எடுக்க மாட்டார்கள். பன்னிரண்டாவதாக ஆர்.கே.பேட்டையில் இருந்து வசந்தகுமார் வந்தார். அறுபது வயசு, வெள்ளை வேட்டி, நிலபுலன் இருக்கிற மனுஷன். கூட ஒரு தம்பியை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். மாப்பிள்ளைப் பையனுக்கு ஒரகடத்தில் கம்பெனி ஷிப்ட், லீவு கிடைக்கவில்லை. சம்சாரத்துக்கு முட்டி வலி. பையன் போட்டோவைப் போனில் காட்டினார். லட்சணமாக இருந்தான்.

தணிகைவேல் "பொண்ணுக்கு செவ்வாய் கீதுங்க" என்று உண்மையைச் சொன்னார்.

வசந்தகுமார் அப்போது சுவரில் மாட்டியிருந்த சால்டரிங் அயர்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாயாவது, புதனாவது. எந்த காலத்துல கீறீங்க சம்பந்தி. ஆமா, நீங்க பழைய வால்வு ரேடியோலாம் பாப்பீங்களா?"

பன்னிரண்டு இடத்தில் 'சம்பந்தி' என்று வாய்விட்டுக் கூப்பிட்ட முதல் மனுஷன். தணிகைவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில்லில் இருபத்தேழு வருஷ எலக்ட்ரீசியன் அவர். மோட்டார் பார்ப்பார், பேனல் பார்ப்பார். வால்வு ரேடியோ பார்த்ததில்லை.

"பாப்பேங்க" என்றார்.

ரேடியோ கார் டிக்கியிலேயே இருந்தது. ஸ்டேஷன் காட்டுகிற முள் நகரவில்லை, அதை இழுக்கிற நூலை மட்டும் மாற்ற வேண்டும். "கடைல குடுத்தா எவன் கவனமா பாக்கறான்? நம்ம மனுஷங்கன்னா தான் மனசு வச்சி செய்வாங்க" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை வந்து ரேடியோவையும் எடுத்துக்கொண்டு, நிச்சயதார்த்தத் தேதியும் குறிப்பதாகப் பேச்சு.

நூலை மாற்றப் பத்து நிமிஷம்தான் ஆனது. அதோடு அட்டையை மூடியிருக்கலாம்.

போன் அடித்தது. வசந்தகுமார்.

"சம்பந்தி, பூஜை ஆச்சா? நம்ம ரேடியோ எப்டி கீது?"

"நல்லா கீதுங்க. நூலு மாத்தியாச்சு. முள்ளு வெண்ணெ மாதிரி போவுது."

"எங்க, கொஞ்சம் பாட வுடுங்க. காதால கேட்டா மனசுக்கு ஒரு நிம்மதி."

தணிகைவேல் மகளைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டினார். திலகவதிக்கு விஷயம் புரிய ரெண்டு நொடி ஆனது. தன் போனில் ரேடியோ ஆப்பைத் திறந்து ஒரு பழைய பாட்டைப் பிடித்து அப்பாவின் போனுக்குப் பக்கத்தில் காட்டினாள்.

அந்தப் பக்கம் வசந்தகுமார் பல்லவி முழுக்கக் கேட்டார்.

"இன்னா சம்பந்தி இது. கரகரன்னு ஒன்னுமே இல்லியே."

"உள்ளாற தூசி தட்டினேங்க."

"அம்பது வருஷத்துல அது இவ்ளோ கிளியரா பாடினதே கெடையாது. நீங்க சாதாரண ஆளே இல்ல. எனக்கு ஞாயித்துக்கெழம வரிக்கும் தாங்காது. சனிக்கெழமையே வந்துடறேன். தேதியும் அன்னிக்கே பேசிடலாம்."

போனை வைத்தபோது ஒரு நாள் குறைந்திருந்தது. ரேடியோ இப்போது முன்பு பாடியதைவிட நன்றாகப் பாட வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்திருந்தது.

"ப்பா, ஒன்னு கவனிச்சியா?" என்றாள் திலகவதி. "இதுவரிக்கும் அவரு என் பேரு இன்னான்னே கேக்கல."

"ஜாதகத்துல தான் கீதும்மா பேரு."

வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கும்மிடிப்பூண்டி பஜாரில் கிறிஸ்டினாவின் கடைக்குப் போனார். கிறிஸ்டினா முப்பத்தைந்து வயசுக்காரி. பழைய வால்வு, டிரான்ஸ்பார்மர் எல்லாம் காயலான்கடைகளில் பொறுக்கிச் சேர்த்து வெளிநாட்டுக்காரர்களுக்குப் பார்சல் அனுப்புகிறவள். பேச நேரமில்லாதவள்.

தணிகைவேல் டிபன் கேரியரைத் திறந்து வைத்தார்.

"இன்னாண்ணா, சாப்பாடா?"

"வால்வும்மா. ஒன்னு போயிடுச்சி. எதுக்கும் இருக்கட்டும்னு அஞ்சையும் எடுத்தாந்தேன்."

அவள் பஞ்சை விலக்கி ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நம்பர் எங்க?"

"பூஜைக்கு தொடச்சேன்."

"அஞ்சையுமா?"

"அஞ்சையும்."

"நாங்க சிலுவைய கூட இப்டி தொடைக்க மாட்டோம்ணா." வெளுத்த வால்வை வெளிச்சத்தில் பிடித்தாள். "இதுக்கு பொட்டு வேற. இது மிக்சர். யாரோட ரேடியோ?"

'மகள் கல்யாண விஷயம்' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "தெரிஞ்சவரோடது" என்றார்.

"தெரிஞ்சவருக்கு புதுசு கெடையாது. பொட்டியோட ஒன்னே ஒன்னு கீது, அத ஜெர்மனிக்காரன் ஒருத்தன் சொல்லி வச்சிட்டான். பழசு ஒன்னு தரேன். பாடும். எவ்ளோ நாளுக்குன்னு என்ன கேக்காத."

"ரெண்டு நாளு பாடினா போதும்மா."

"மத்த நாலும் எது எந்த சாக்கெட்டுன்னு குறிச்சி வச்சிருக்கியா? மாத்தி சொருவினா பேஜாரு."

"இருபத்தேழு வருஷ சர்வீஸ்மா" என்றார் தணிகைவேல்.

அது பதில் இல்லை என்பது வீட்டுக்கு வந்து ரேடியோவின் உள்ளே பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. ஐந்து ஓட்டை. ஐந்துக்கும் ஒன்பது துளை. எந்த வால்வும் எந்த ஓட்டையிலும் போகும்.

வெள்ளிக்கிழமை ரேடியோவைக் கோணியில் சுற்றி பைக்கில் கட்டி மில்லுக்கே கொண்டுபோனார். அங்கே இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீசியன் இம்மானுவேல் இருக்கிறான், நல்ல மீட்டர் இருக்கிறது. வீட்டில் வைத்துப் பார்த்தால் ஈஸ்வரி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை "பாடுதா?" என்று கேட்கிறாள், வேலை ஓடுவதில்லை.

கேட்டில் செக்யூரிட்டி கோணியைப் பிரித்தார்.

"இன்னா ரேடியோவா? வெளிய எடுத்துக்கினு போறவன தான் பாத்துருக்கேன். உள்ள எடுத்துக்கினு வர்ற மொத ஆளு நீங்க தான்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெயின்டனன்ஸ் ரூமில் உட்கார்ந்து, மனதில் இருந்த வரிசைப்படி ஐந்து வால்வையும் செருகினார். மனதில் இருந்த வரிசை தப்பு. மிக்சர் வால்வு கரண்டை மாற்றிக் கொடுக்கிற வால்வின் இடத்தில் உட்கார்ந்தது. அது இதன் இடத்தில் உட்கார்ந்தது. ஸ்விட்சைப் போட்டதும் ஐந்தும் சிவந்தன. அவர் முகமும் மலர்ந்தது. பத்து நொடி கழித்து அடியில் இருந்து பழுப்பாக ஒரு புகை வந்தது. மெல்லிசாக, ஊதுவத்தி மாதிரி. பிறகு ஊதுவத்தி மாதிரி இல்லை.

பிளக்கைப் பிடுங்கினார். ஆனால் அதற்குள் புகை மேலே போய்க் கூரையில் இருந்த கருவியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டது.

மில் முழுக்கச் சைரன் அடித்தது. கிரேன் நின்றது. உருளை நின்றது. இருநூற்றுப் பத்துப் பேர் சோற்றுக் கையோடு கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் வந்து வரிசையாக நின்றார்கள். சேப்டி ஆபீசர் பீட்டர் தலை எண்ணினார். ஒரு தலை குறைந்தது. அந்தத் தலை கோணியைத் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்தது.

"அது இன்னா தணிகை?"

"ரேடியோங்க சார்."

"கம்பெனில ரேடியோவுக்கு எந்த டிபார்ட்மென்ட்ல வேல?"

தணிகைவேல் இருநூற்றுப் பத்துப் பேருக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னார். செவ்வாய், பதினோரு இடம், சந்தனம், நாளைக்குச் சனிக்கிழமை, எல்லாம்.

பீட்டர் பேனாவை எடுத்தார். மெமோ என்று தணிகைவேல் கண்ணை மூடிக்கொண்டார்.

"பொண்ணு விஷயம்னு மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார் பீட்டர். "இந்த வருஷம் தீ விபத்து ஒத்திகை ஒன்னு பாக்கி இருந்திச்சி. இது தான் அதுன்னு எழுதிக்கிறேன். ஏழு நிமிஷத்துல எல்லாரும் வெளிய வந்துட்டீங்க, நல்லா கீது. அந்த ரேடியோவ ஆளுக்கு ஒரு கை பாருங்க."

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஆளுக்கு ஒரு கை பார்த்தார்கள். இம்மானுவேல் டிரான்ஸ்பார்மரில் இருந்து வரும் தடித்த ஒயரைத் தொடர்ந்து போய் எந்த வால்வு எங்கே என்று சரியாகக் கண்டுபிடித்தான். கருகிப்போன சாமானை மாற்றிப் பற்றவைத்தான். அதுவரைக்கும் எல்லாம் நல்லதுதான். வெல்டர் யேசுதாஸ் பெட்டியின் ஆட்டத்தை நிறுத்த நாலு பக்கமும் ஆப்பு அடித்தார். தணிகைவேல் கை கழுவப் போன அஞ்சு நிமிஷத்தில், பிட்டர் வேலை பார்க்கும் தாவீது சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்.

தணிகைவேல் திரும்பி வந்தபோது தாவீது திருப்தியாகக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, உள்ளாற எட்டு ஸ்க்ரூ லூஸா இருந்திச்சி. எவனோ மெத்தனமா வுட்டுருக்கான். எல்லாத்தையும் கடைசி வரிக்கும் டைட் பண்ணிட்டேன். இனிமே அசையாது."

"எந்த ஸ்க்ரூ?"

"அந்த தகர டப்பாக்குள்ள, காயிலு நடுவுல."

இம்மானுவேல் நெற்றியில் கை வைத்துக்கொண்டான். அந்த எட்டு ஸ்க்ரூவும் இறுக்குவதற்கு இல்லை. ரேடியோவைச் செய்தவன் ஒவ்வொன்றையும் கால் சுற்று, அரைச் சுற்று என்று காதை வைத்துக் கேட்டுக் கேட்டு நிறுத்திய இடம். ஐம்பது வருஷத்துக்கு மேலாக அங்கேயே நின்றிருந்த இடம்.

ஸ்விட்சைப் போட்டார்கள். பாடியது. ஆனால் முள்ளை எங்கே வைத்தாலும் ஒரே ஒரு தெலுங்கு ஸ்டேஷன்தான் வந்தது. அதுவும் விவசாயிகளுக்கு உரம் பற்றி.

"பாடுதில்ல மாமா" என்றார் தாவீது.

"உரம் போடுதுடா."

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் வசந்தகுமார் போன் வந்தது. ஈஸ்வரி சுவாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"சம்பந்தி, வைங்க பாக்கலாம். இன்னிக்கு பிசிறு இல்லாம கேக்கணும்."

ஆப் வைக்கத் திலகவதி வீட்டில் இல்லை, கம்பெனியில் இருந்து இன்னும் வரவில்லை. தணிகைவேல் ரேடியோவையே போட்டார்.

"இன்னாது, தெலுங்கு பேசுது?"

"எங்க ஊரு பார்டர்ல கீதுங்களே. இங்க எல்லாமே கொஞ்சம் அந்த பக்கத்து காத்து தான்."

"முள்ள நவுத்துங்க."

நகர்த்தினார்.

"இன்னும் தெலுங்கு தான் வருது."

"அந்த கடைசி வரிக்கும் காத்து அடிக்குதுங்க."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "சம்பந்தி, நான் ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ரேடியோ தமிழ் பாடினா தான் இந்த சம்பந்தம் எனக்கு மனசுக்கு ஒட்டும். நான் அப்டியே வளந்தவன். நாளைக்கு நான் வரல. வண்டி சர்வீஸுக்கு போயிருக்கு. நீங்களே ஊட்டம்மாவோட எடுத்துக்கினு வந்துடுங்க. ஊட்டையும் பாத்த மாதிரி ஆச்சு. நாலு மணிக்குள்ள வந்துடுங்க, அப்புறம் எனக்கு ஒரு வேல கீது."

அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. திலகவதி மட்டும் ரெண்டு தோசை சாப்பிட்டாள்.

"ஒரு ரேடியோ தெலுங்கு பேசினதுக்கு போற மாப்ள போவட்டும்ப்பா" என்றாள்.

"நீ சும்மா இரும்மா. பன்னெண்டாவது எடம்."

தோசைத் தட்டைக் கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள். தணிகைவேல் அதைப் பார்த்தார். அவருக்கு அந்தத் தெலுங்கு ஸ்டேஷன் மேல் கோபம் கோபமாக வந்தது.

சனிக்கிழமை காலையில் கிறிஸ்டினா கடை திறக்கும்போதே வாசலில் கோணியோடு நின்றார்.

"தெரிஞ்சவரு தெரிஞ்சவருன்னு சொன்னேன் பாரு," என்று ஆரம்பித்து இந்த முறை ஒளிக்காமல் முழுக்கச் சொன்னார்.

கிறிஸ்டினா கையில் இருந்த பார்சல் டேப்பைக் கீழே வைத்தாள். "பொண்ணு விஷயமாண்ணா? அத வியாழக்கெழமையே சொல்றதுக்கு இன்னா?" உள்ளே போய் ஒரு சின்ன அட்டைப் பெட்டியோடு வந்தாள். "ஜெர்மனிக்காரனுக்கு அடுத்தது கெடைக்கும். அவனுக்கு கட்டிக் குடுக்க பொண்ணா கீது?"

பெட்டியில் இருந்தது புது மிக்சர் வால்வு. உச்சியில் வெள்ளி மினுக்கியது. நம்பர் பளிச்சென்று இருந்தது. "தொடைக்காத" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

பிறகு சிக்னல் விடுகிற ஒரு கருவியை மாட்டி எட்டு ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். தாவீது இறுக்கியதில் ஒன்று வரவே மறுத்தது. மெழுகை உருக்கிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். நடுவில் வந்த ரெண்டு கஸ்டமரைத் திருப்பி அனுப்பினாள். தணிகைவேல் ஸ்டூலில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையும் ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பன்னிரண்டரைக்கு ரேடியோ தமிழில் வாயைத் திறந்தது. கரகரப்பு கொஞ்சம், பின்னால் கடல் மாதிரி ஒரு இரைச்சல், நடுவில் ஒரு பெண் குரல் பாட்டு. முள்ளை நகர்த்தினால் செய்தி. இன்னும் நகர்த்தினால் தெலுங்கு, அதற்குரிய இடத்தில், ஒழுங்காக.

தணிகைவேல் மூக்கை உறிஞ்சினார்.

"அழுவாதண்ணா. ஈரம் பட்டா மறுபடி புட்டுக்கும்" என்றாள் கிறிஸ்டினா.

பக்கத்து வீட்டு பென்னியின் காரை எடுத்துக்கொண்டு ஒரு மணிக்குக் கிளம்பினார்கள். பென்னி ஓட்டினான். முன் சீட்டில் ரேடியோ, பெல்ட் போட்டு. பின் சீட்டில் தணிகைவேல், ஈஸ்வரி, அவள் மடியில் பூ, பழம், வெற்றிலை பாக்கு வைத்த தாம்பாளம்.

"பள்ளம் வந்தா சொல்லிட்டு எறக்கு பென்னி."

"பள்ளத்துக்கு நடுவுல தான் மாமா ரோடே கீது."

ஒவ்வொரு பள்ளத்துக்கும் தணிகைவேல் முன்னால் எட்டி ரேடியோவின் தலையைப் பிடித்துக்கொண்டார். வழியில் ரெண்டு தடவை நிறுத்தி, பின்பக்கத்து அட்டை வழியாக உள்ளே டார்ச் அடித்து வால்வின் உச்சியைப் பார்த்தார். வெள்ளிதான். அந்தத் தடவைகளும், ஊத்துக்கோட்டையில் ஒரு நெல் லாரி குறுக்கே நின்றதும் சேர்ந்து, ஆர்.கே.பேட்டையில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி நாலே முக்கால்.

"நாலு மணின்னு சொன்னாரு" என்று ஈஸ்வரி அரற்றினாள். "மொத நாளே லேட்டு. இன்னா நெனச்சிப்பாரு."

"நீ வாய தொறக்காத. நான் பேசிக்கிறேன்."

வேலிகாத்தான் முள்ளுக்கு நடுவே நல்ல பெரிய மாடி வீடு. கதவு திறந்தே இருந்தது. வாசலில் மணிலா வேர்க்கடலையை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து வந்தாள். ஐம்பது வயசு இருக்கும், வீட்டு வேலைக்காரி மாதிரி தெரிந்தது. பேர் சின்னப்பொண்ணு என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

"வாங்க, வாங்க. ரேடியோ தான? ஐயா சொல்லிட்டு தான் போனாரு. உள்ளாற வந்து வைங்க."

ஹாலுக்குள் கால் வைத்த தணிகைவேல் நின்றுவிட்டார். சுவர் நெடுக அலமாரி. அலமாரி நெடுக ரேடியோ. மர ரேடியோ, பச்சைக் கண் ரேடியோ, தந்தக் கலர் பட்டன் ரேடியோ, மேலே இசைத்தட்டுப் போடுகிற ரேடியோ. ஒன்பது இருந்தது. எல்லாம் துடைத்து, பாலிஷ் போட்டு, புது நூலும் புது ஒயருமாக, நேற்று செய்த மாதிரி. ஒன்று சின்னதாகப் பாடிக்கொண்டும் இருந்தது, ஒரு பிசிறு இல்லாமல்.

இத்தனை ரேடியோவைக் கேட்ட காது. அந்தக் காதிடம் ரெண்டு நாள் திலகவதியின் போனையும் தெலுங்குக் காற்றையும் விற்றிருக்கிறோம். வந்ததும் அட்டையைத் திறந்து பார்த்தால், வால்வு புதுசு என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடுமே. ஆப்பு அடித்தது தெரிந்துவிடுமே. காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினார். மாப்பிள்ளை இருந்தால் அவன் காலிலும்.

"அந்த கடைசில காலியா கீது பாருங்க, அங்க வைங்க" என்றாள் சின்னப்பொண்ணு.

வைத்தார். பிளக் மூன்றாவது தடவைதான் உள்ளே போனது. முள்ளைத் திருப்பினார். தமிழ் பாடியது. ஈஸ்வரி கண்ணை மூடி, தாம்பாளத்தோடு சேர்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நல்லா பாடுதுங்களே" என்று சின்னப்பொண்ணு ரெண்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "ஐயா வந்தா சந்தோசப்படுவாரு."

வந்த தைரியத்தில் ஈஸ்வரி ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள். சுவரில் தேடினாள்.

"ஏம்மா, மாப்ள போட்டோ ஒன்னு கூட மாட்டலியே. அவரு ஷிப்ட் முடிஞ்சி எப்போ வருவாரு?"

சின்னப்பொண்ணு தாம்பாளத்தைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். பிறகு, இதை எத்தனையாவது தடவை சொல்கிறோம் என்று எண்ணுகிறவள் மாதிரி ஒன்பது ரேடியோவையும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஐயாவுக்கு ஏதும்மா ஆம்பள புள்ள? ரெண்டும் பொண்ணு, கட்டிக் குடுத்து எட்டு வருஷம் ஆவுது. இப்போ தான் திருவாலங்காட்டுல ஒரு ஊட்டுக்கு பொண்ணு பாக்க கெளம்பினாரு, அந்த பொண்ணோட அப்பா டேப்ரெக்கார்டர் நல்லா பாப்பாராம்."